பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஒரே திரை

கட்டைவிரல் பொத்தானில் இறங்கியதும் திரை கறுத்துப்போகிறது. கீபோர்டின் சின்ன விளக்குகள் அணைகின்றன. இன்னொரு கணினி திரைக்கு வர இரண்டு மூச்சு நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் ஞா செல்சா உலோகக் குழலில் ஒரு வாய் தெரெரே, ஐஸ் போட்ட மூலிகைத் தேநீர், உறிஞ்சிவிடுகிறார். கயிற்றில் தொங்கும் கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்கிறார். மஞ்சள் கம்பெனியின் பக்கம் விரிகிறது. முந்தின நாள் புவேனோஸ் ஐரெஸிலிருந்து கிளம்பிய பஸ்ஸின் பயணிகள் பட்டியலைத் திறந்து, விரலைத் திரையில் படாமல் மேலிருந்து கீழே ஓட்டுகிறார். நாற்பது, நாற்பத்திரண்டு பெயர்கள். கடைசிப் பெயரைத் தாண்டிய பிறகும் விரல் கொஞ்சம் கீழே போய், ஒன்றுமில்லாத இடத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிறது. மறுபடி பொத்தான், மறுபடி இருட்டு. பச்சை. காலை ஏழேகால்.

என்கார்னாசியோன் பஸ் நிலையத்தின் பதினோராம் நம்பர் டிக்கெட் கவுண்டர் அது. உள்ளே இரண்டு பேர் இருந்தால் மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். பச்சை பஸ்கள் உள்நாட்டில் ஓடுபவை. அசுன்சியோன், சான் இக்னாசியோ என்று போகும். மஞ்சள் பஸ்கள் அசுன்சியோனிலிருந்து கிளம்பி, இங்கே நின்று, பரனா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குப் போய்வரும். இரண்டு கம்பெனிக்கும் முழு நீளப் பெயர் உண்டு, பஸ்ஸின் விலாவில் எழுதியிருக்கிறது. யாரும் சொல்வதில்லை.

இரண்டுக்கும் இங்கே முகவர் ஞா செல்சாதான். ஞா என்பது எங்கள் ஊரில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். இரண்டு கம்பெனியும் தனித்தனியே கணினி கொடுத்தன. ஒன்றின் மென்பொருள் இன்னொன்றில் ஏறக்கூடாது என்று இருவரும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மானிட்டரும் ஆளுக்கொன்று அனுப்பினார்கள். இரண்டையும் மேஜையில் வைத்தால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பயணியின் முகம் தெரியாது. நிலையத்தின் பின்வாசலில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். என்னைக் கூப்பிட்டார். ஒரு மானிட்டரை மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிட்டு, உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். கணினிகள் இரண்டும் மேஜைக்கு அடியில். மேலே ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். பெட்டியின் பொத்தானை அழுத்தினால் இதிலிருந்து அதற்கு மாறும். மஞ்சள் கம்பெனியின் மேற்பார்வையாளர் வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "ரெண்டு கம்பெனிக்கும் நான் ஒரே மூஞ்சியத்தான காட்டுறேன்? அதுங்களும் எனக்கு ஒரே மூஞ்சியக் காட்டட்டும்" என்று ஞா செல்சா சொன்னதும் போய்விட்டார்.

முதல் வாரத்தில், சான் இக்னாசியோ திருவிழாவுக்குப் போக வந்த ஒரு குடும்பம் முழுவதையும் அர்ஜென்டினா போகும் பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்தார். பொத்தானை அழுத்த மறந்ததுதான் காரணம். எங்கள் ஊரில் மவுஸை எலி என்றே சொல்வோம். "இந்த எலி எந்த வீட்டு எலின்னு அதுக்கே தெரியல" என்று குடும்பத்தையே சிரிக்க வைத்து, டிக்கெட்டுகளை மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தவறியதில்லை. பொத்தானோடு சேர்ந்து அவருடைய பேச்சும் மாறிவிடும். பச்சை என்றால் ஊர்மொழியான குவாரனி. சந்தைக்கு வந்தவர்கள், சிப்பாய்கள், கோழிக்கூடையோடு நிற்கும் பெண்கள். மஞ்சள் என்றால் இழுத்துப் பேசும் ஸ்பானியம். உடம்பில் பச்சைச் சட்டை. அதன்மேல் மஞ்சள் அட்டை.

வயது ஐம்பத்தாறு. உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிடுவார். வயர்களில் தூசி தட்ட நான் அடிக்கடி அங்கே நுழைவதால், அவர் முகத்தில் தெரியாத பலவும் எனக்குப் பாதத்தில் தெரியும். கோபம் வந்தால் பெருவிரல் தரையைத் தட்டும். அலுப்பு என்றால் ஒரு பாதம் இன்னொன்றின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். முகம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஓட்டுநர்கள் அவரைச் சீண்டாமல் போவதில்லை. "இன்னிக்கி எந்தக் கட்சி, ஞா செல்சா? பச்சையா, மஞ்சளா?" என்று கேட்பார்கள். "உன் பஸ்ஸு நேரத்துக்கு வர்ற அன்னிக்கிச் சொல்றேன்" என்பார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மஞ்சள் கம்பெனி இங்கே முகவர் தேடி வந்தபோது மற்ற கவுண்டர்காரர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இரட்டை வேலை, பாலத்தில் சுங்கச் சோதனையால் எப்போதும் தாமதம், வசவு வேறு. இருபது வருடம் பச்சையோடு நிம்மதியாக இருந்த ஞா செல்சா ஒரே நாளில் சரி என்றார். இந்த வயதில் என்ன பேராசை என்று நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் பேசினேன்.

காரணம் போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

அன்று மதியம் ஒரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். பெட்டியின் பொத்தான் உள்ளே போய் வெளியே வரவில்லை, பச்சையிலேயே நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தேன். உள்ளிருந்த சின்னத் தகடு உடைந்திருந்தது. வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய சாமான். சிப்பா என்கிற பாலாடைக்கட்டி ரொட்டி விற்கும் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இந்த அம்மா காலையிலிருந்து அதைக் கொசு அடிப்பதுபோல் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குச் சொல்லிப்போனாள். ஒரு பச்சை டிக்கெட் விற்றதும் மஞ்சளுக்குப் போய் ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பது, திரும்பி வந்து இன்னொரு டிக்கெட் விற்பது, மறுபடி போய்ப் பார்ப்பது. முன்னூறு தடவையாவது இருக்கும் என்று நானும் கணக்குப் போட்டேன்.

புதுப் பெட்டி மறுநாள்தான் வரும், இன்றைக்கு மானிட்டரை ஏதாவது ஒரு கணினியில் நேராக மாட்டிவிடுகிறேன், எது வேண்டும் என்று கேட்டேன். வெளியே மூன்று மணி பச்சை பஸ்ஸுக்குப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். நாற்பது டிகிரி வெயில்.

"மஞ்சள்" என்றார்.

மாட்டினேன். பட்டியலைத் திறந்து ஒரு வரியைப் பார்த்தார். அந்தப் பெயர் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டுமே அத்தனையும் என்று அப்போதுதான் புரிந்தது. இருபத்து மூன்றாம் இருக்கை. பிளாசிதா ஓல்மெதோ. இறங்குமிடம் அசுன்சியோன்.

"ஓல்மெதோ உங்க பேராச்சே" என்றேன்.

"தங்கச்சி. அடையாள அட்டை நம்பரைப் பாரு. என்னுது ஆறுல முடியும், அவளுது ஏழு. ஒரே நாள்ல எடுத்தோம்."

பிறகு வரிசையைப் பார்த்து, "சரி, பச்சையைப் போடு" என்றார்.

அன்று அந்தப் பெட்டியின் வேலையை நான் செய்தேன். மேஜைக்கு அடியில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, அவர் "பச்சை" என்றால் பச்சையிலும், "மஞ்சள்" என்றால் மஞ்சளிலும் வயர்களைப் பிடுங்கி மாட்டினேன். பெரும்பாலும் பச்சை. நடுவில் காரணமே இல்லாமல் ஒரு மஞ்சள் வரும். இரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவே, தலைக்கு மேலிருந்து அவர் குரல் துண்டு துண்டாகக் கேட்டது. அதையெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்.

இருவருக்கும் நான்கு வயது வித்தியாசம். இருபது வயது தாண்டும்வரை ஒரே கட்டிலில் படுத்தவர்கள். பிளாசிதா பிழைப்புக்குப் புவேனோஸ் ஐரெஸ் போனாள். ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொரு டிசம்பரும் மஞ்சள் பஸ்ஸில் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவாள். எட்டு வருடத்துக்கு முன் அம்மா செத்துப்போனார். கிழவியின் பிள்ளைகள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாத மனுஷியைத் தனியே விட்டுவிட்டு பிளாசிதாவால் கிளம்ப முடியவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை, ஒன்பது நாள் ஜெபத்துக்கும் வரவில்லை. பத்தாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எல்லாம் முடிஞ்சுது, இனிமே நீ வந்து என்ன ஆகப்போகுது, வராதேன்னேன். சரிக்கான்னா. வச்சிட்டா."

மேலே விசைகள் கொஞ்ச நேரம் தட்டப்பட்டன. யாருக்கோ சான் இக்னாசியோவுக்கு இரண்டு டிக்கெட்.

"அவ சரின்னு சொல்லுவான்னு நான் நெனக்கவே இல்ல, வில்ஃபி. சண்ட போடுவான்னு நெனச்சேன்."

ஒரு வருடம் பொறுத்து இவரே கூப்பிட்டாராம். அந்த எண் கைமாறியிருந்தது, யாரோ ஒரு ஆண் எடுத்தான். அதன் பிறகு தேட வழியில்லை. மஞ்சள் கம்பெனி வந்தபோது, இங்கே இறங்குபவர்களின் இருக்கைகளை அசுன்சியோன்வரை மறுபடி விற்க வேண்டும், அதற்காகத் தினமும் முழுப் பட்டியலும் முகவரின் திரைக்கு வரும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டார். நான்கு வருடம், தினம் காலை ஏழேகால். இன்றைக்குத்தான் பெயர் வந்திருக்கிறது. வந்தும் இறங்குமிடம் அசுன்சியோன்.

"இங்க இருவது நிமிஷம் நிக்கும் பஸ்ஸு. உள்ளயே உக்காந்துட்டுப் போயிடுவா" என்றார். பாதங்கள் இரண்டும் தரையில் அசையாமல் பதிந்திருந்தன.

நீங்கள் போய்ப் பாருங்களேன் என்றேன். வேலையைப் பார் என்றார்.

பஸ் இரண்டரைக்கு வர வேண்டியது. பாலத்தில் தாமதம். இரண்டு ஐம்பதுக்கு ஒன்பதாம் நடைமேடையில் அதன் ஹாரன் கேட்டது. மேலே விசைகள் நின்றன. ஒரு பாதம் செருப்பைத் தேடியது, கிடைக்கவில்லை. வெறுங்காலோடு எழுந்துபோனார். இருபத்து நான்கு வருடத்தில் வரிசையை நிற்க வைத்துவிட்டு அவர் எழுந்துபோனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வெளியே முணுமுணுத்தார்கள்.

நான்கைந்து நிமிடத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளங்காலெல்லாம் நடைமேடையின் கரி. இருக்கை காலியாம். பஸ் நின்றதும் அந்தப் பெண் இறங்கிவிட்டாள், எங்கே போனாள் என்று தெரியாது என்று ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். கழிப்பறைப் பக்கம் பார்த்துவிட்டு, தெருவாசலையும் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். அதைக்கூட டிக்கெட் நேரம் சொல்கிற குரலிலேயே சொன்னார். பிறகு "பச்சை."

ஒரு ஆள். இன்னொரு ஆள். ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு. குழந்தைக்கு டிக்கெட் உண்டா என்று நெடுநேரம் வாதாடினாள். ஜன்னல் கண்ணாடியில் பாதிக்குமேல் கால அட்டவணைகள் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பவருக்கு முன்னால் நிற்கும் ஒருவரைத் தவிர யாரும் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐந்து. மஞ்சள் பஸ் கிளம்ப ஐந்து நிமிடம்.

"எங்க போகணும்?" என்று ஞா செல்சா அடுத்த ஆளைக் கேட்டார், குவாரனியில், தலை நிமிராமல்.

"அசுன்சியோன் வரைக்கும் டிக்கெட் இருக்கு" என்றது ஒரு பெண் குரல். "இங்கயே எறங்கிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

அடியிலிருந்து எனக்கு அவர் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. பத்து விரல்களும் தரையைப் பற்றிக்கொள்வதுபோல் மடங்கின. மின்விசிறி ஒரு முறை அந்தப் பக்கம் போய்விட்டு இந்தப் பக்கம் வந்தது. பஸ் வந்ததிலிருந்து பதினைந்து நிமிடமும் அந்தப் பெண் வரிசையில்தான் நின்றிருக்கிறாள். யாரையும் முந்தவில்லை. அக்கா வெறுங்காலோடு வெளியே தேடியபோது முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாளாம். பின்னால் அவளே சொன்னாள்.

"மஞ்சள்" என்றார் ஞா செல்சா.

நான் வயர்களைப் பிடுங்கினேன். மானிட்டர் முள் இரண்டு தடவை நழுவியது. மேலே யாரும் அவசரப்படுத்தவில்லை.

"பேரு?"

"பிளாசிதா ஓல்மெதோ."

"அட்டை நம்பர்?"

தங்கை எண்ணைச் சொல்ல வாயெடுப்பதற்குள் விசைகள் ஓடி முடிந்திருந்தன.

"பெட்டி எத்தன?"

"ஒண்ணுதான்கா. பெருசு."

"எறக்கிட்டு வா. கதவு அந்தப் பக்கம்."

அந்தப் பெரிய பெட்டி எதற்காக என்று அன்று மாலை தெரிந்தது. பிளாசிதா பார்த்துக்கொண்ட கிழவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஸ்பெயினில் இன்னொரு கிழவி, இரண்டு வருட ஒப்பந்தம், அசுன்சியோனிலிருந்து சனிக்கிழமை விமானம். புவேனோஸ் ஐரெஸிலிருந்தே விமானம் ஏறியிருக்கலாம். இருபது மணி நேரம் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வந்து ஏன் ஏற வேண்டும் என்று செல்சா கேட்கவில்லை, பிளாசிதாவும் சொல்லவில்லை. இரண்டு இரவு வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை இருவரும் கல்லறைக்குப் போய் வந்ததை சிப்பா விற்கும் பெண் பார்த்திருக்கிறாள். போகும்போது முன்னும் பின்னுமாகப் போனார்களாம், வரும்போது ஒரே குடையில் வந்தார்களாம். சனிக்கிழமை காலைப் பச்சை பஸ்ஸுக்கு ஞா செல்சா தன் கையாலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்பெயினிலிருந்து முகம் தெரிகிற அழைப்பு வருகிறது. அதில் அவர் அதிகம் பேசுவதில்லை. "லிஸ்ட்ல பேரு வந்தா பின்னாலயே ஆளு வரும். போன்ல மூஞ்சி வந்தா மூஞ்சி மட்டுந்தான் வருது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் பஸ்ஸில் வர முடியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. புதுப் பெட்டி மாட்டி எட்டு மாதம் ஆகிறது. காலை ஏழேகாலுக்கு விரல் மேலிருந்து கீழே போகிறது, பெயர்கள் தீர்ந்த பிறகும் கொஞ்சம் போகிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த வியாழக்கிழமையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியை இறக்கத் தங்கை நடைமேடைக்கு ஓடிவிட்டாள். பஸ் இரண்டாவது ஹாரன் அடித்தது. அடுத்து நான் பச்சைக்கு மாற்ற வேண்டும் என்று வயரில் கை வைத்தேன். ஞா செல்சா காலால் என் கையைத் தள்ளிவிட்டார். ஜன்னலில் ஒரு சிப்பாய். அசுன்சியோனுக்கு மூன்று மணிப் பச்சை பஸ் இருக்கிறதா, அதுவும் தாமதமா என்று கேட்டான்.

"அத விடுப்பா. இப்பவே கெளம்புது ஒண்ணு, மஞ்சள். ஒரே ஒரு எடம் இருக்கு. இருவத்து மூணு, ஜன்னல் பக்கம்."

அவன் யோசித்தான். மஞ்சளில் தனக்குச் சலுகை உண்டா என்று கேட்கத் தொடங்கினான். அவன் கேட்டு முடிப்பதற்குள் டிக்கெட் அச்சாகிவிட்டது. ஞா செல்சா அதைக் கிழித்து, தோள்வரை கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அவன் சட்டைப்பையில் செருகினார்.